எட்டு வயதுக்காரி

இரண்டு வாரமாக ராத்திரிச் சாப்பாடு முடிந்ததும் கையில் ஒரே புத்தகம்தான். அமெரிக்க நடிகை வயோலா டேவிஸின் தன்வரலாறு, 'ஃபைண்டிங் மீ'. 2022-இல் வெளிவந்தது. அதற்குள் அவர் டோனி, எம்மி, ஆஸ்கர் மூன்றையும் வாங்கியிருந்தார். இந்தப் புத்தகத்தைத் தன் குரலிலேயே வாசித்துப் பதிவு செய்ததற்காக 2023-இல் கிராமியும் கிடைத்தது. இந்த நான்கு விருதையும் பெற்றவர்கள் மிகச் சிலர். ஆனால் அவர் தன் கதையை எந்த விருது மேடையிலும் தொடங்கவில்லை. ஒரு சிறுமி ஓடுகிறாள், அங்கேதான் தொடங்குகிறார்.

ரோட் ஐலண்ட் மாநிலத்தில் சென்ட்ரல் ஃபால்ஸ் என்ற ஊர். ஒன்றேகால் சதுர மைலுக்குச் சற்றுக் கூடுதலான பரப்புக்குள் அடங்கிவிடும் பழைய ஆலை ஊர். வயோலா அங்கே மூன்றாம் வகுப்பு. பள்ளிக்கூட மணி அடித்ததும் ஓடியாக வேண்டும். பின்னால் பையன்கள் கூட்டமாகத் துரத்துவார்கள். கையில் கல், வாயில் அவளுடைய கறுப்பு நிறத்தைச் சொல்லி வசவு. பனிக்காலத்தில் ஓட்டை விழுந்த ஷூவுக்குள் கால் மரத்துப்போகும். ஒருநாள் அம்மா ஒரு குரோஷே ஊசியைக் கொடுத்து, இனி ஓடாதே, நடந்து வா, எவனாவது தொட்டால் குத்து என்கிறார். அவளும் நடக்கிறாள். கை வைத்தவன் ஊசியைப் பார்த்ததும் விட்டுவிடுகிறான்.

வேறு யாராவது எழுதியிருந்தால் அந்த அத்தியாயம் வெற்றியோடு முடிந்திருக்கும். வயோலாவோ, கால்கள் நின்றாலும் தன் ஓட்டம் நிற்கவில்லை என்கிறார். அதைப் படித்ததும்தான் நிமிர்ந்து உட்கார்ந்தேன். பிரபலங்களின் வாழ்க்கைக் கதைகளில் வறுமை பெரும்பாலும் முதல் நாற்பது பக்கத்தோடு தீர்ந்துவிடும். பட்ட கஷ்டமெல்லாம் பின்னால் வந்த பெயருக்கும் புகழுக்கும் படிக்கட்டாகிவிடும். இந்தப் புத்தகத்தில் பசி பசியாகவே இருக்கிறது. எலி எலியாகவே இருக்கிறது. ராத்திரி எலி கடித்துவிடாமலிருக்கக் கழுத்தைச் சுற்றித் துணியைக் கட்டிக்கொண்டு பிள்ளைகள் படுக்கிறார்கள். பொம்மைகளின் முகத்தை எலி தின்றுவிடுகிறது. கரண்ட் கட்டாகும், குழாய்த் தண்ணீர் உறைந்துபோகும். படுக்கையை நனைத்துவிட்டுக் குளிக்க வழியில்லாமல் பள்ளிக்குப் போனதையும், அந்த வாடைக்காகப் பேச்சு வாங்கியதையும் அவர் மறைக்காமல் எழுதுகிறார்.

அந்தப் பக்கத்தில் புத்தகத்தை மூடி வைத்துவிட்டேன். ஆறாம் வகுப்பில் என்னோடு படித்த ஒருத்தி ஞாபகத்துக்கு வந்தாள். அவளிடம் இருந்தது ஒரே ஒரு யூனிஃபார்ம். ராத்திரி துவைத்துப் போடுவாள். மழை மாதத்தில் அது காயாது. ஈரத்தோடு போட்டுக்கொண்டு வருவாள். பத்து மணிக்கெல்லாம் அந்த ஈர வாடை பெஞ்சு முழுக்கப் பரவும். அவள் பக்கத்தில் உட்கார முடியாது என்று டீச்சரிடம் சொல்லி இடம் மாற்றிக்கொண்டவர்களில் நானும் ஒருத்தி. அவள் ஒன்றும் பேசவில்லை. பையைத் தூக்கிக்கொண்டு கடைசி பெஞ்சுக்குப் போனாள். இத்தனை வருஷம் கழித்தும் அவளை நினைத்தால் மனசுக்குள் பாவம் என்ற ஒரு சொல்தான் வரும்.

மறுநாள் மீண்டும் படித்தேன். வயோலா தனியாக மேலே வந்ததாக எங்கேயும் சொல்லவில்லை. அக்கா டயான், பெரியவளானால் என்ன ஆகப்போகிறாய் என்று குட்டித் தங்கையிடம் கேட்கிறாள். அந்தக் கேள்வி அவரை விடவே இல்லை. வீட்டு டி.வி.யில் சிசிலி டைசன் நடித்த ஒரு படம். தன்னைப் போன்ற நிறம், தன் அம்மாவைப் போன்ற முகம். இது தனக்கும் முடியும் என்று அன்று தோன்றுகிறது. ஏழைப் பிள்ளைகளைக் கல்லூரிக்குத் தயார்செய்யும் 'அப்வேர்ட் பவுண்ட்' என்ற அரசுத் திட்டம் கைகொடுக்கிறது. பிறகு ரோட் ஐலண்ட் கல்லூரி, அதன் பிறகு நியூயார்க்கின் ஜூலியார்ட் கலைப் பள்ளி. ஒரு கேள்வி, ஒரு முகம், ஒரு திட்டம். இதில் ஏதாவது ஒன்று அந்தச் சிறுமிக்கு வாய்க்காமல் போயிருந்தால்? திறமையும் உழைப்பும் அப்படியே இருந்திருக்கும், நம் கைக்கு இந்தப் புத்தகம்தான் வந்திருக்காது.

அப்பாவைப் பற்றிய பக்கங்கள் என்னை நெடுநேரம் தூங்கவிடவில்லை. குதிரைகளைப் பராமரிக்கும் வேலை அவருக்கு. குடித்துவிட்டு அம்மாவை ரத்தம் வர அடிப்பவர். அதே மனிதர் கடைசிக் காலத்தில் கனிந்து, அம்மாவைத் தாங்குகிறவராக மாறுகிறார். 2006-இல் புற்றுநோயில் இறக்கிறார். மகள் அவரை மன்னிக்கிறார். ஆனால் பட்ட அடிகளில் ஒன்றைக்கூடக் குறைத்து எழுதவில்லை. மன்னிப்பதற்கு மறந்தாக வேண்டும் என்றில்லை என்று எனக்குப் புரிந்தது இங்கேதான்.

'சூசைட் ஸ்குவாட்' படப்பிடிப்பில் நீ யார் என்று சக நடிகர் வில் ஸ்மித் அவரிடம் கேட்கிறார். யோசித்துப் பார்த்தால் தான் இன்னும் அந்த ஓடுகிற எட்டு வயதுக்காரிதான் என்று தெரிகிறது. அவளைக் குணப்படுத்த வேண்டும் என்றே பல வருஷம் மனநல ஆலோசகரிடம் போகிறார். அந்த ஆலோசகரோ வேறொன்று சொல்கிறார். அவளுக்கு என்ன குறை? தப்பிப் பிழைத்தவளே அவள்தானே! ஐம்பதைத் தாண்டிய உன்னை அவள் கட்டிக்கொள்ளட்டும், விடு.

நானும் என் ஆறாம் வகுப்புத் தோழியைத் திரும்பிப் பார்த்தேன். அந்த மழை மாதத்தில் எங்களில் பலர் காய்ச்சல், ஜலதோஷம் என்று லீவு போட்டோம். அவள் ஒருநாள்கூட வராமல் இருந்ததில்லை. எல்லாரும் மூக்கைப் பொத்துவார்கள் என்று தெரிந்தே, காயாத சட்டையை மாட்டிக்கொண்டு தினமும் காலையில் அந்த வகுப்புக்குள் நுழைந்தாள். பாவம் என்ற சொல்லை இனி அவளுக்குச் சொல்ல மாட்டேன். எங்கள் வகுப்பிலேயே நெஞ்சுரம் உள்ளவள் கடைசி பெஞ்சில் உட்கார்ந்திருந்தாள்.