காலிப் பெட்டியை விற்ற கதை

பேராக் மாநிலத்தில் ஒரு செம்பனைத் தோட்டத்திலிருந்து ஒரு சகோதரி எழுதியிருக்கிறார். பத்து வயது மகன் பள்ளிச் சுற்றுலாவில் ஜொகூருக்குப் போய், 2012-ஆம் ஆண்டு திறக்கப்பட்ட லெகோலாந்தைப் பார்த்துவிட்டு வந்தானாம். அன்று முதல் வீட்டில் ஒரே பாடு. தீபாவளிக்குச் சட்டை வேண்டாம், 'ஸ்டார் வார்ஸ்' விண்கலம் கட்டும் பெட்டிதான் வேண்டும் என்று அடம் பிடிக்கிறான். வீட்டுக்காரரோ, "பிளாஸ்டிக் துண்டுக்கு இத்தனை வெள்ளியா?" என்று சீறுகிறார். "யார் பக்கம் நியாயம்? நீங்களே சொல்லுங்கள் ஐயா" என்று பாரத்தை என் தலையில் இறக்கி வைத்துவிட்டார் சகோதரி.

தீர்ப்புக்கு முன் கொஞ்சம் கதை கேளுங்கள்.

ஜார்ஜ் லூக்காஸ் இயக்கிய 'ஸ்டார் வார்ஸ்' 1977-ஆம் ஆண்டு மே 25-ஆம் நாள் அமெரிக்காவில் திரைக்கு வந்தது. அண்டவெளியில் நடக்கும் சண்டைக் கதை. ஆனால் பார்த்தால் நமக்குப் புதிதாகத் தோன்றாது. சிறைப்பட்ட இளவரசி, அவளை மீட்கப் போகும் இளைஞன், வித்தை சொல்லித் தரும் முதியவர், கறுப்பு உடையில் கொடியவன் எல்லாரும் உண்டு. நம் புராணப் படங்களில் ரதம் பறக்கும், அங்கே விண்கலம் பறக்கிறது. அவ்வளவுதான் வித்தியாசம் என்பேன்.

அந்தப் படத்தின் பெயரில் பொம்மை விற்கும் உரிமையை லூக்காஸ் தம்மிடமே வைத்துக்கொண்டார். படக் கம்பெனிக்காரர்கள் அதைப் பெரிதாக நினைக்கவில்லை. படம் ஓடிய ஓட்டத்தில் பிள்ளைகள் பொம்மைக் கடைகளை மொய்த்தார்கள். கிறிஸ்துமஸ் நெருங்கிவிட்டது. பொம்மை செய்ய உரிமை வாங்கியிருந்த கென்னர் நிறுவனத்திடமோ ஒரு பொம்மைகூடத் தயாரில்லை! என்ன செய்தார்கள் தெரியுமா? அட்டை உறை ஒன்றுக்குள் ஒரு சீட்டை வைத்து விற்றார்கள். சீட்டைத் தபாலில் அனுப்பினால் நான்கு பொம்மைகள் அடுத்த ஆண்டு வீடு தேடி வரும். பெற்றோர் அதையும் காசு கொடுத்து வாங்கினார்கள். சொன்னபடி 1978-இல் பொம்மைகள் வந்தன, மறுக்கவில்லை. ஆனால் கிறிஸ்துமஸ் காலையில் பிள்ளையின் கையில் இருந்தது காலிப் பெட்டிதான். பிள்ளை ஆசைப்பட்டால் தாய் தகப்பன் எதையும் வாங்குவார்கள் என்பதை வியாபார உலகம் அன்று நன்றாகப் புரிந்துகொண்டது. சகோதரி, உங்கள் வீட்டுக்காரருக்கு இது முதல் சாட்சி.

இன்னொரு சாட்சியும் உண்டு. அது உங்கள் மகன் பக்கம்.

அந்தப் படத்து விண்கலங்கள் கணினியில் வரைந்தவை அல்ல. கலிபோர்னியாவில் வான் நைஸ் என்னும் ஊரில் ஒரு கிடங்கு. அங்கே இளைஞர்கள் சிலர் கையால் செய்த சிறு மாதிரிகள் அவை. மேற்பரப்பு உண்மை யந்திரம் போலத் தெரிய வேண்டுமல்லவா? டாங்கி, கார், விமானம் என்று பிள்ளைகள் ஒட்டி விளையாடும் பிளாஸ்டிக் மாதிரிப் பெட்டிகளைக் கட்டுக் கட்டாக வாங்கினார்கள். ஒரு பெட்டியிலிருந்து சக்கரம், இன்னொன்றிலிருந்து குழாய் என்று பிய்த்துக் கலத்தின்மேல் ஒட்டினார்கள். உலகமே வாய் பிளந்து பார்த்த 'மில்லெனியம் ஃபால்கன்' கலத்தின் மேனியெல்லாம் இப்படி ஒட்டியவைதான். பெட்டியில் போட்டிருந்த படத்தைப் பார்த்து டாங்கி மட்டுமே செய்திருந்தால் அந்தக் கலம் பிறந்திருக்குமா?

அந்தக் கலத்தையே பிறகு கட்டு விளையாட்டாக விற்றது லெகோ. டென்மார்க்கில் பில்லுண்ட் என்னும் சிற்றூரில் ஓலெ கிர்க் கிறிஸ்டியான்சன் என்ற தச்சர், உலகமெங்கும் வேலையில்லாத் திண்டாட்டம் நிலவிய 1932-இல், மரப் பொம்மை செய்யத் தொடங்கியதுதான் அதன் ஆரம்பம். இன்று நாம் காணும் பிளாஸ்டிக் கல்லுக்கு 1958-இல் காப்புரிமை கேட்டார்கள். ஸ்டார் வார்ஸ் பெட்டிகள் வந்தது 1999-இல். பெயரில் 'போர்' இருக்கிறதே, பிள்ளைகளுக்கு இது ஆகுமா என்று அந்நிறுவனத்துக்குள்ளேயே தயங்கியவர்கள் இருந்தார்கள். தயக்கம் வியாபாரத்தை வெல்லவில்லை.

2017-இல் வந்த பெரிய ஃபால்கன் பெட்டியில் 7,541 துண்டுகள். விலை 800 அமெரிக்க டாலருக்கு ஒரு காசு குறைவு. (அந்த ஒரு காசைக் குறைப்பதில்தான் எத்தனை பெருந்தன்மை!) அன்றைய மாற்று விலையில் அது 3,000 வெள்ளிக்கு மேல். அந்த ஆண்டு தீபகற்ப மலேசியாவில் குறைந்தபட்சச் சம்பளம் மாதம் 1,000 வெள்ளி. குலை வெட்டிக் குனிந்து நிமிரும் ஒருவரின் மூன்று மாத உழைப்பும் போதாது. அந்தப் பெட்டியைப் பொறுத்தவரை உங்கள் வீட்டுக்காரர் சொல்வதே சரி.

ஆனால் ஒரு கணக்கு. எட்டுக் குமிழ் உள்ள ஒரே நிறக் கற்கள் இரண்டை 24 விதமாகப் பொருத்தலாம். ஆறு கற்கள் இருந்தால்? 91 கோடியே 51 லட்சத்து 3 ஆயிரத்து 765 விதம்! கணித அறிஞர்கள் எண்ணிச் சொன்னது இது. ஆறே கல், சகோதரி.

விலை உயர்ந்த பெட்டியோடு ஒரு புத்தகம் வரும். பக்கம் பக்கமாகப் பார்த்துப் பையன் கட்டி முடிப்பான். கட்டியதை அலமாரி மேல் வைத்து, "தொடாதே, உடைந்துவிடும்" என்போம். எனக்குப் பிடிக்காதது அதுதான். தோட்டத்தில் என் அண்ணன் பால் டின்னில் லாரி செய்வார், பழைய சிலிப்பரை வட்டமாக அறுத்துச் சக்கரம் போடுவார். அடுத்த வாரம் அதே டின் ஆற்றில் படகாக மிதக்கும். அந்தக் காலமே பொற்காலம் என்று சொல்ல வரவில்லை. காசிருந்திருந்தால் நாங்களும் கடையில்தான் வாங்கியிருப்போம்.

ஆகவே இப்படிச் செய்யுங்கள். சட்டையும் எடுங்கள். கைக்கு அடங்கிய விலையில் கலவைக் கற்கள் உள்ள சிறு பெட்டி ஒன்று வாங்குங்கள். பட்டணத்தில் அக்கா தங்கை வீட்டில் பழைய லெகோ கற்கள் கிடந்தால் கூச்சப்படாமல் கேளுங்கள். 1958-ஆம் ஆண்டுக் கல்லும் இன்றைய கல்லோடு பொருந்தும். வீட்டில் தவழும் குழந்தை இருந்தால் மட்டும் கவனம், சிறு துண்டுகளை வாயில் போட்டுவிடும்.

ஞாயிற்றுக்கிழமை ஒரு மணி நேரம் தகப்பனையும் மகன் பக்கத்தில் உட்கார வையுங்கள். புத்தகத்தில் இல்லாத கலம் ஒன்றை இருவரும் கட்டினால், எந்தத் துண்டு எங்கே போயிற்று என்று பையனையே எனக்கு எழுதச் சொல்லுங்கள்.