மணலைக் கழுவுவது யார்?

பட்டணத்துப் பெரிய ஓட்டல்களிலும் கிளப்புகளிலும் நீச்சல்குளம் உண்டு. அந்தத் தண்ணீரின் தெளிவைப் பார்த்து அதிசயப்படுவோர் பலர். அது தானாகத் தெளிந்து நிற்பதில்லை. குளத்துக்குப் பக்கத்தில் ஒரு சிறு அறை இருக்கிறது. அதில் ஒரு பம்ப், மணல் நிரப்பிய ஒரு பெரிய உருளைத் தொட்டி, குளோரின் டப்பாக்கள். சில மணி நேரத்துக்கு ஒருமுறை குளத்துத் தண்ணீர் முழுவதும் அந்த மணலுக்குள் புகுந்து திரும்புகிறது. மணலில் அழுக்கு அடைத்துக் கொண்டால் அழுத்தமானியின் முள் ஏறும். உடனே ஒரு தொழிலாளி வால்வைத் திருப்பி, தண்ணீரை எதிர்த்திசையில் விட்டு மணலைக் கழுவுகிறார். கோடையில் வெயில் குளோரினைத் தின்றுவிடும், கூடுதலாகப் போடுகிறார். மழைக்காலத்தில் இலையும் மண்ணும் வந்து சேரும். கூடையை எடுத்து உதறுகிறார். பனிக்காலத்தில் குளிக்க ஆள் வராவிட்டாலும் பம்பு ஓடித்தான் ஆகவேண்டும். வருஷம் முழுவதும் இந்த வேலை நடக்கிறது.

ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். 25 மீட்டர் நீளம், 12.5 மீட்டர் அகலம், சராசரி ஒன்றரை மீட்டர் ஆழமுள்ள ஒரு குளத்தில் சுமார் 4,68,000 லிட்டர் தண்ணீர் நிற்கும். கிராமத்தில் ஆளுக்கு நாளொன்றுக்கு 55 லிட்டர் என்று சர்க்கார் திட்டம் சொல்கிறது. அந்தக் கணக்கில் 8,500 பேருக்கு ஒருநாள் தண்ணீர் அது!

நாம் நீச்சல்குளத்துக்கு விரோதிகள் அல்ல. கிணற்றிலும் குட்டையிலும் குதித்து உயிரை விடும் குழந்தைகளைப் பற்றி வருஷந்தோறும் படித்து வேதனைப்படுகிறோம். உழைப்பாளியின் பிள்ளையும் நல்ல தண்ணீரில், சொல்லித்தர ஒருவர் பக்கத்தில் நிற்க, நீந்தப் பழக வேண்டும் என்பதே நம் விருப்பம். ஆனால் ஒன்று கேட்கிறோம். குளிக்கிற தண்ணீருக்குக் காட்டும் கவனம், குடிக்கிற தண்ணீருக்கு ஏன் இல்லை?

ஆலைத் தொழிலாளிக்கு இதை விளக்க வேண்டியதில்லை. கள்ளக்குறிச்சி ஜில்லாவில் மூங்கில்துறைப்பட்டிலும் கச்சிராயபாளையத்திலும் கூட்டுறவுச் சர்க்கரை ஆலைகள் இருக்கின்றன. எந்தச் சர்க்கரை ஆலையிலும் பாய்லருக்குப் போகும் தண்ணீரைப் பதப்படுத்தி, சோதித்துப் பார்த்துத்தான் விடுகிறார்கள். இல்லாவிட்டால் குழாய்களில் காரை பிடித்துப் பாய்லர் கெட்டுப்போகும். அரவை முடிந்ததும் யந்திரங்களைக் கழற்றிச் சுத்தம் செய்து, அடுத்த அரவைக்குத் தயாராக்குகிறார்கள். இரும்பு வயிற்றுக்கு இத்தனை உபசாரம். வேலை முடிந்து வீட்டுக்குப் போகும் தொழிலாளியின் பிள்ளை குடிக்கும் தண்ணீரை யார் சோதித்தார்கள்?

மலைக்குப் போவோம். கோமுகி ஆறு கல்வராயன் மலையில் பிறந்து, கீழே அணையில் தேங்கி, வயல்களுக்குப் பாய்கிறது. மலையில் விழுந்த மழைதான் கீழே நெல்லும் கரும்புமாகிறது. அந்த மலையிலே வாழும் மலையாளிப் பழங்குடி மக்கள், ஜாகீர்தார்களின் பிடியில் தலைமுறை தலைமுறையாகக் கிடந்தவர்கள். அவர்களுக்குத் தண்ணீர் என்றால் ஓடை, ஊற்று, கிணறு. 2024 ஜூனில் கள்ளக்குறிச்சி கருணாபுரத்தில் விஷச் சாராயம் அறுபதுக்கும் மேற்பட்ட உயிர்களைக் குடித்த பிறகுதான், சென்னை உயர்நீதிமன்றம் தானாகவே முன்வந்து கல்வராயன் மலை மக்களின் அடிப்படை வசதிகள் பற்றி வழக்கெடுத்தது. அத்தனை பிணங்கள் விழுந்த பிறகா கேட்க வேண்டும்?

வீட்டுக்கு வீடு குழாய் என்ற ஜல் ஜீவன் திட்டம் 2019 ஆகஸ்டு 15-ல் அறிவிக்கப்பட்டது. குழாய் வருவது நல்லது, வரவேற்கிறோம். ஆனால் எத்தனை குழாய் வைத்தோம் என்று எண்ணுகிறவர்கள், அதற்குப் பின்னால் இருக்கும் தொட்டியை எத்தனை முறை கழுவினோம், மணலை எப்போது மாற்றினோம் என்பதையும் அதே சுறுசுறுப்போடு எண்ணுகிறார்களா? குழாய்க்குத் திறப்பு விழா உண்டு. கழுவுவதற்கு விழா கிடையாது.

கழுவாவிட்டால் என்ன நடக்கும் என்பதற்குச் சரித்திரத்தில் சாட்சி இருக்கிறது. 1892-ல் ஜெர்மனியின் ஹாம்பர்க் நகரில் காலரா பரவி எட்டாயிரத்துக்கும் மேற்பட்டோர் மாண்டனர். எல்பே ஆற்றுத் தண்ணீரை வடிகட்டாமல் குழாயில் விட்டார்கள். வடிகட்டி கட்டச் செலவாகும் என்று நகரத்தை ஆண்ட வியாபாரிகள் பல வருஷம் இழுத்தடித்திருந்தார்கள். ஒட்டியே இருந்தது ஆல்டோனா என்ற ஊர். அதே ஆறு, அதுவும் ஹாம்பர்க்கின் சாக்கடை கலந்த பிறகு வரும் தண்ணீர். ஆனால் அங்கே மணல் வடிகட்டி இருந்தது. எல்லைத் தெருவில் ஒரு பக்கத்து வீடுகளில் சாவு, மறுபக்கம் தப்பியது.

கதை அத்தோடு முடியவில்லை. அந்தப் பனிக்காலத்தில், 1893 தொடக்கத்தில், ஆல்டோனாவிலும் காலரா தலைகாட்டியது. விஞ்ஞானி ராபர்ட் கோக் ஆராய்ந்து காரணம் சொன்னார்: கடுங்குளிரில் ஒரு வடிகட்டியைச் சுத்தம் செய்தபோது மணல் உறைந்து, வடிகட்டும் சக்தியை இழந்துவிட்டது. அதே வடிகட்டி, அதே ஊர். பருவம் மாறியது, பராமரிப்பு தவறியது, நோய் புகுந்தது.

இப்படிப்பட்ட மணல் வடிகட்டி சென்னை கீழ்ப்பாக்கத்திலும் 1914-ல் வந்தது. அதன் வேலை எளிது. மணல்மீது தண்ணீர் மெதுவாக இறங்கும்போது மேலே வழுவழுப்பான ஒரு ஏடு படிகிறது. அந்த ஏட்டில் வாழும் நுண்ணுயிர்களே நோய்க்கிருமிகளைத் தின்கின்றன. ஏடு கனத்துத் தண்ணீர் இறங்காமல் நின்றால், மேல் மணலை ஓரிரு சென்டிமீட்டர் மட்டும் சுரண்டி எடுக்க வேண்டும். புது ஏடு படியச் சில நாள் பிடிக்கும். அதுவரை அந்தத் தண்ணீரை அப்படியே குடிக்கக் கூடாது. ஊற்று மேலேயும் ஊர் கீழேயும் இருக்கும் மலையில் இதற்கு மின்சாரம்கூட வேண்டாம். மணலும் மனிதக் கையும் போதும்.

நம் பருவங்களைப் பார்ப்போம். சித்திரை, வைகாசியில் தொட்டியில் தண்ணீர் குறைந்து அடிவண்டல் கலங்கும். வெக்கையில் ப்ளீச்சிங் பவுடர் வீரியம் இழக்கும். மூட்டையைத் திறந்து வைத்தால் மிஞ்சுவது வெறும் சுண்ணாம்புதான். வீரியம் 25 சதவீதம் உள்ள பவுடரானால் ஆயிரம் லிட்டருக்கு 4 கிராம், 30,000 லிட்டர் தொட்டிக்கு 120 கிராம். பழைய பவுடரில் இந்தக் கணக்குப் பொய்த்துப் போகும். வாளியில் கரைத்துத் தெளியவிட்டு, மேல்நீரை மட்டும் ஊற்றி, அரைமணி நேரமாவது கழித்துத்தான் குழாயைத் திறக்க வேண்டும். ஆடி, ஆவணியில் மலையில் மழை பிடித்தால் ஓடை செம்மண்ணாக வரும். முதல் வெள்ளத்தை வடிகட்டிக்குள் விடாமல் திருப்பிவிட வேண்டும். விட்டால் ஒரே நாளில் மணல் அடைத்துவிடும். ஐப்பசி, கார்த்திகையில் தெருவின் அசுத்தமெல்லாம் கிணற்றுக்குள் வழியும். வயிற்றுப்போக்கும் மஞ்சள் காமாலையும் பரவ ஏற்ற காலம் அது. கடைசித் தெருக் குழாயில் தண்ணீர் பிடித்துச் சோதனை மருந்தை விட்டுப் பார்த்தால் குளோரின் இருக்கிறதா என்று தெரியும், லிட்டருக்கு 0.2 மில்லிகிராமாவது இருக்க வேண்டும். துணியில் வடிகட்டினால் மண்தான் நிற்கும், கிருமி நிற்காது; சந்தேகம் இருந்தால் கொதிக்க வையுங்கள் என்கிறோம். அதற்கும் விறகு சுமப்பவர்கள் நம் பெண்கள்தான் என்பது தெரிந்தே சொல்கிறோம். மார்கழி, தையில் தண்ணீர் கண்ணாடிபோல் இருக்கும். தெளிவைக் கண்டு ஏமாறக் கூடாது; மணலை அள்ளிக் கழுவிக் காயவைக்க அதுவே நல்ல சமயம்.

இத்தனையும் செய்பவர் யார்? பஞ்சாயத்தின் டேங்க் ஆபரேட்டர். விடியுமுன் மோட்டார் போடுபவரும் அவரே, ஏணியில் ஏறித் தொட்டிக்குள் இறங்கித் தேய்ப்பவரும் அவரே, குழாய் உடைந்தால் ஏச்சு வாங்குபவரும் அவரே. ப்ளீச்சிங் பவுடரின் நெடி கண்ணையும் நெஞ்சையும் எரிக்கும். கையுறையும் முகமூடியும் கேட்டால் எத்தனை பஞ்சாயத்துகளில் கிடைக்கும்? தொட்டிக்குள் ஒருவரைத் தனியாக இறக்குவது அநியாயம். மேலே இன்னொருவர் நிற்க வேண்டும். நிரந்தர ஊழியருக்குள்ள சம்பளமும் பாதுகாப்பும் கேட்டு இந்தத் தொழிலாளிகள் நெடுங்காலமாகக் குரல் கொடுத்து வருகிறார்கள். அவர் கூலியை வெட்டி மிச்சம்பிடிக்கும் காசு, ஆஸ்பத்திரிச் செலவாக ஊர் ஜனங்கள் தலையில்தான் விழுகிறது. ஆகவே அவருடைய கோரிக்கையைத் தண்ணீர் குடிக்கும் ஒவ்வொருவரும் தம் கோரிக்கையாகக் கொள்ள வேண்டும். ஆலைச் சங்கமும் விவசாயத் தொழிலாளர் சங்கமும் அவர் பக்கம் நிற்க வேண்டும்.

தமிழ்நாட்டில் கிராம சபை கூடும் நாட்களில் மே 1-ம் ஒன்று. மலையில் மழை இறங்குவதற்கு முன் வரும் கூட்டம் அது. அன்று கும்பலாகப் போய் உட்காருங்கள். தொட்டி கடைசியாக என்றைக்குக் கழுவப்பட்டது, தண்ணீர்ச் சோதனைச் சீட்டு எங்கே, மழைக்கு முன் மணல் எத்தனை வண்டி வரும், பவுடர் எத்தனை கிலோ, எந்த மாதத்துச் சரக்கு, ஆபரேட்டருக்கு உதவியாள் யார், அவருக்குச் சம்பள பாக்கி உண்டா, உண்டானால் எப்போது கொடுக்கப்படும் என்று கேளுங்கள். பதிலைத் தீர்மானப் புத்தகத்தில் எழுதச் சொல்லி, எழுதியதைப் படித்துக்காட்டச் சொல்லி, அதன் பிறகு கையெழுத்துப் போடுங்கள்.