நாக்கில் குற்றமில்லை

அக்கா மக போன மாசம் அழுதுகிட்டே வந்தாள். கரிசக்காட்டுப் பிள்ளை. அவ அம்மா கோவில்பட்டியில் தீப்பெட்டி ஆபீசுக்குப் போய்க் காலேஜில் படிக்க வைக்கிறாள். அங்கே மொழி ஆய்வகமாம். மென்பொருள் சொல்கிற ஆங்கில வாக்கியத்தைத் திருப்பிச் சொல்லணும். அது குரலைப் பதிந்து, தன்னிடமுள்ள உச்சரிப்போடு ஒப்பிட்டு மார்க் போடும். நூற்றுக்கு 38. "என் நாக்கு சரியில்லையா மாமா?" என்கிறாள்.

இயந்திரத்துக்குச் சாதி கிடையாது என்கிறார்கள். வாஸ்தவம், அது சாதி கேட்காது. ஆனா அதுக்குக் காது வைத்தது யார்? எந்தக் குரல்களைக் கேட்டு வளர்ந்ததோ அந்தக் குரல்கள்தான் அதுக்குப் பிடிபடும். அமேசான், ஆப்பிள், கூகுள், ஐபிஎம், மைக்ரோசாப்ட் என அய்ந்து நிறுவனங்களின், பேச்சை எழுத்தாக்கும் மென்பொருட்களை ஸ்டான்போர்டு ஆய்வாளர்கள் சோதித்து 2020-இல் வெளியிட்டார்கள். வெள்ளையர் பேச்சில் நூறு சொல்லுக்கு 19 பிழை; கருப்பர் பேச்சில் 35. ஆங்கிலத்திலேயே பிறந்து வளர்ந்தவர்களுக்கே இந்தக் கதி என்றால் நம்ம பிள்ளைகளுக்கு?

அதுக்காக ஆங்கிலமே வேண்டாம் என்று சொல்ல வரலை. அப்படிச் சொல்கிறவர்களின் பிள்ளைகள் எங்கே படிக்கிறார்கள் என்று கேளுங்கள். உத்தரப்பிரதேசத்தில் பாங்கா கிராமத்துத் தலித்துகள் 2010-இல் ஆங்கில தேவிக்கே கோவில் கட்டக் கிளம்பினார்கள். ஒரு கையில் பேனா, மறு கையில் அரசியல் சட்டம், காலடியில் கணினி. நமக்கும் அது மூன்றும் வேணும்.

இன்னொன்றையும் ஒப்புக்கொள்ளணும். வகுப்பில் வாயைத் திறந்தால் சிரிக்கிற கூட்டம் இருக்கு. பெட்டி சிரிக்காது. பத்து தடவை தப்பாச் சொன்னாலும் பதினோராவது தடவை காது கொடுக்கும். வாயே திறக்காத பிள்ளை அதன் முன்னால் பேசுது. இது பெட்டிக்குப் பெருமை அல்ல, வகுப்புக்கு வெட்கம்.

ஆனால் திருப்பிச் சொல்வது பேச்சு ஆகுமா? பதில் சொல்ல எதிரே ஒரு ஆள் வேணும். வாரத்தில் ஒரு மணி நேரம் திறந்துவிட்டு மற்ற நேரமெல்லாம் பூட்டிக் கிடக்கிற அறையில் யார் பேசப் பழகுவார்?

2022-இல் வந்த ‘நான் முதல்வன்’ திட்டத்தில் ஆங்கிலப் பயிற்சியும் உண்டு. நல்லது. ஆனா மென்பொருளைக் காட்டி ஆசிரியர் பணியிடத்தைக் காலியாகப் போடாதே. அது போடுகிற மார்க்கைப் பயிற்சிக்கு வை, ஆளைக் கழிப்பதற்கு வைக்காதே. 2025-இல் ஆதிதிராவிடர் நல விடுதிகளுக்குச் சமூகநீதி விடுதி என்று பேர் மாற்றினீர்கள். பேரோடு நின்றுவிடாமல், ராத்திரியிலும் அங்கே கணினியைத் திறந்து வையுங்கள்; பேசிப் பழக ஒரு ஆசிரியரையும் உட்கார வையுங்கள்.

அவளிடம் சொன்னேன்: "உன் நாக்குக்கு ஒண்ணுமில்ல தாயி. அந்த 38 மார்க்கு பெட்டியோட காதுக்கு."