உளுந்து விலை: கடல் கடந்த ஒப்பந்தத்தையும் கவனியுங்கள்

விழுப்புரம், திண்டிவனம் பகுதி உளுந்து விவசாயிகளே, உங்கள் மூட்டையின் விலையை உள்ளூர் வரத்து மட்டும் தீர்மானிப்பதில்லை.

ஆப்பிரிக்க நாடான மொசாம்பிக்குடன் இந்தியா 2016-ல் பருப்பு ஒப்பந்தம் செய்தது. ஆண்டுக்கு 1 லட்சம் டன்னில் தொடங்கி 2 லட்சம் டன் வரை வாங்குவதாக உறுதி தந்தது. 2021-ல் மலாவியுடன் துவரைக்கும், மியான்மருடன் துவரை, உளுந்து இரண்டுக்கும் ஒப்பந்தம் ஆனது. தென் அமெரிக்காவின் பிரேசிலும் நம் சந்தையை நம்பி உளுந்து பயிரிடுகிறது.

2021 மே மாதம் உளுந்துக்கான இறக்குமதிக் கட்டுப்பாடு நீக்கப்பட்டது. அந்தச் சலுகை பிறகு பலமுறை நீட்டிக்கப்பட்டது. நம் அறுவடையின்போது கப்பல் சரக்கும் வந்து இறங்கினால், வியாபாரி விலையைக் குறைத்துத்தான் கேட்பார். பருப்பு வாங்குவோருக்கு இது நிம்மதி, விளைவிப்பவருக்கு இழப்பு.

அங்குள்ள விவசாயிக்கு ஒப்பந்தம் துணை என்றால், உங்களுக்குத் துணை குறைந்தபட்ச ஆதரவு விலை. 2025-26-க்கு இது குவிண்டாலுக்கு 7,800 ரூபாய். ஆனால், கொள்முதல் நடந்தால்தான் அது கைக்கு வரும்.

எனவே விதைக்கும் முன்பே இறக்குமதிச் சலுகை எதுவரை என்று வேளாண் அலுவலரிடம் கேளுங்கள். அறுவடைக்குப் பின் ஈரப்பதம் 12 சதவீதத்துக்கு மேல் போகாமல் உலர்த்தி, தூசி நீக்குங்கள். ஆதரவு விலைக் கொள்முதல் அறிவித்ததும் சிட்டா, அடங்கலுடன் ஒழுங்குமுறை விற்பனைக்கூடத்தில் முதலில் பதிவு செய்யுங்கள்.