பேராசை யாருக்கு? (ஒரு பேஸ்பால் பதிவு)

இது நீளமான பதிவு. நேரம் இல்லாதவர்கள் தாண்டிப் போகலாம், கோபித்துக்கொள்ள மாட்டேன். படிக்காமலே லைக் போடுபவர்களைத்தான் எனக்குப் பிடிக்காது.

போன வாரம் பழைய மாணவர்கள் வாட்ஸ்அப் குழுவில் நடந்த கூத்து பலருக்குத் தெரியும். அமெரிக்காவில் வேலை பார்க்கும் ஒரு மாணவன், பெயர் சொல்ல மாட்டேன், ஒரு செய்தியைப் போட்டான். கைல் டக்கர் என்ற பேஸ்பால் வீரரை லாஸ் ஏஞ்சலிஸ் டாட்ஜர்ஸ் அணி 4 ஆண்டுகளுக்கு 24 கோடி டாலர் பேசி எடுத்திருக்கிறது. அதன் கீழே, "பந்தை அடிக்க இவ்வளவு பணமா? பேராசை பிடித்தவர்கள். இவர்கள் சங்கம் விளையாட்டையே அழித்துவிடும். சம்பளத்துக்கு உச்சவரம்பு வேண்டும்" என்று எழுதினான். வரிசையாகக் கட்டைவிரல் தூக்கினார்கள். அதில் என் தங்கை மகனும் ஒருவன். நான் மறுத்து இரண்டு வரி எழுதினேன். உடனே, "டீச்சர், உங்களுக்கு பேஸ்பால் எல்லாம் தெரியுமா?" என்று ஒரு சிரிப்பு பொம்மை.

தெரியும் தம்பி. மகள் வீட்டுக்கு நியூ ஜெர்சி போய் இரண்டு தடவை ஆறு ஆறு மாதம் இருந்தேன். பேரன் நியூயார்க் மெட்ஸ் அணியின் பைத்தியம். ஆங்கிலக் கதை படித்துக் காட்டச் சொன்னால் ஓடுவான், பேஸ்பால் என்றால் பக்கத்தில் வந்து உட்காருவான். அவனைப் பிடித்துவைக்க நானும் படித்தேன். பிறகு அவனைவிட எனக்குத்தான் பித்து அதிகமானது. மைதானத்துக்கும் புளியோதரை கட்டிக்கொண்டு போயிருக்கிறோம்.

தெரியாதவர்களுக்காக முதலில் ஒரு விளக்கம். அங்கே சீசன் முடிந்து நவம்பரிலிருந்து பிப்ரவரி வரை ஆட்டம் கிடையாது. அந்தக் குளிர்காலத்தில்தான், ஒப்பந்தம் முடிந்த வீரர்கள் தங்களுக்குப் பிடித்த அணியோடு பேசிச் சேரலாம். அவர்களை ஃப்ரீ ஏஜென்ட் என்பார்கள். நம் ஐ.பி.எல். ஏலம் மாதிரி என்று நினைக்காதீர்கள். ஏலத்தில் மாட்டைப் போல வீரனை யார் பிடித்துக்கொண்டு போவது என்று மற்றவர்கள் முடிவு செய்கிறார்கள். இங்கே எங்கே போவது என்று வீரனே முடிவு செய்கிறான். அந்த உரிமை சும்மா கிடைத்ததல்ல.

சுமார் நூறு ஆண்டுகள் பேஸ்பால் ஒப்பந்தத்தில் "ரிசர்வ்" என்று ஒரு விதி இருந்தது. ஆண்டு முடிந்தாலும் வீரன் அந்த அணியின் உடைமைதான். அவர்கள் விற்கலாம், மாற்றலாம், துரத்தலாம். அவன் வேறு அணிக்குப் போக முடியாது. கொடுக்கும் சம்பளம் பிடிக்கவில்லை என்றால் ஆட்டத்தையே விட்டுவிட்டுப் போக வேண்டியதுதான்.

இதைப் படித்ததும் எனக்கு 1982 ஞாபகம் வந்தது. ஆசிரியர் பயிற்சி முடித்த கையோடு ஒரு தனியார் பள்ளியில் சேர்ந்தேன். சேர்ந்த அன்றே தாளாளர் என் எஸ்.எஸ்.எல்.சி. புத்தகத்தையும் பயிற்சிச் சான்றிதழையும், எல்லாம் அசல், வாங்கி பீரோவில் வைத்துப் பூட்டினார். "பத்திரமா இருக்கும்மா" என்றார். 350 ரூபாய்க்குக் கையெழுத்துப் போட்டால் கையில் 200 வரும். இரண்டாம் வருஷம் வேலைவாய்ப்பு அலுவலகத்திலிருந்து அரசுப் பள்ளி நேர்காணலுக்குக் கடிதம் வந்தது. அசல் சான்றிதழ்களோடு வர வேண்டும். போய்க் கேட்டேன். "பரீட்சை முடியட்டும்" என்றார். பரீட்சை முடிவதற்குள் நேர்காணல் முடிந்துவிட்டது. அடுத்த கடிதம் வர நான்கு வருஷம் ஆனது. அந்த நான்கு வருஷத்து ஊதிய உயர்வு போனது இன்றும் என் பென்ஷனில் தெரிகிறது.

அவர் என்னை அடிக்கவில்லை, திட்டவும் இல்லை. பொங்கலுக்குப் புடவைகூட எடுத்துக் கொடுத்தார். ஆனால் பீரோ சாவி அவர் இடுப்பில் இருந்தது.

கர்ட் ஃப்ளட் கதையைப் படித்த ராத்திரி எனக்குத் தூக்கம் வரவில்லை. செயின்ட் லூயிஸ் கார்டினல்ஸ் அணிக்கு 12 ஆண்டுகள் ஆடியவர், கறுப்பினத்தவர். 1969 அக்டோபரில், உன்னை ஃபிலடெல்பியாவுக்கு மாற்றியாகிவிட்டது என்று தகவல் வருகிறது. அவரைக் கேட்கவே இல்லை. அப்போது அவர் சம்பளம் 90,000 டாலர். அந்தக் காலத்தில் பெரிய தொகை. வாயை மூடிக்கொண்டு போயிருக்கலாம். அவரோ, நான் விற்று வாங்கும் பொருள் அல்ல என்று வழக்குப் போட்டார். வழக்கு நடந்தபோது ஆடிக்கொண்டிருந்த வீரர் ஒருவர்கூட நீதிமன்றத்தில் எட்டிப் பார்க்கவில்லை. பயம். ஓய்வுபெற்ற ஜாக்கி ராபின்சன் வந்து சாட்சி சொன்னார். 1972-இல் உச்ச நீதிமன்றம் 5-க்கு 3 என்று ஃப்ளட்டுக்கு எதிராகத் தீர்ப்புச் சொன்னது. பேஸ்பாலுக்கு ஏகபோகத் தடைச் சட்டம் பொருந்தாது என்று 1922-இல் சொன்னதையே மறுபடியும் பிடித்துக்கொண்டது. ஃப்ளட்டின் ஆட்ட வாழ்க்கை அதோடு போயிற்று. இன்று கோடிகளில் கையெழுத்துப் போடும் எந்த வீரனும் அவருக்குக் கடன்பட்டவன்தான்.

அவருக்குப் பின்னால் நின்றது மார்வின் மில்லர். இரும்புத் தொழிலாளர் சங்கத்திலிருந்து 1966-இல் வீரர்கள் சங்கத்துக்கு வந்தவர். அவர் வந்தபோது குறைந்தபட்ச ஆண்டுச் சம்பளம் 6,000 டாலர். 1968-இல் முதல் கூட்டு ஒப்பந்தத்தில் அதை 10,000 ஆக்கினார். முக்கியமாக, தகராறு வந்தால் நடுவரிடம் போகும் உரிமையைப் பிறகு வாங்கினார். அந்த வழியில்தான் பூட்டு உடைந்தது. ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போடாமல் ஒரு வருஷம் ஆடி முடித்த வீரன் சுதந்திரமானவன் என்று 1975 டிசம்பரில் பீட்டர் சைட்ஸ் என்ற நடுவர் தீர்ப்புச் சொன்னார். முதலாளிகள் செய்த முதல் காரியம் என்ன தெரியுமா? நடுவரை வேலையை விட்டு நீக்கினார்கள்!

மில்லர் எவ்வளவு கெட்டிக்காரர் என்பதற்கு ஒரு சங்கதி. ஓக்லண்ட் அணி முதலாளி சார்லி ஃபின்லி, எல்லா வீரர்களையும் ஒவ்வொரு ஆண்டும் விடுதலை செய்துவிடலாம் என்றார். மற்ற முதலாளிகள் அவரைப் பைத்தியம் என்றார்கள். மில்லரோ, இதற்கு இவர்கள் ஒத்துக்கொண்டுவிடுவார்களோ என்று பயந்தார். எல்லாத் தக்காளியும் ஒரே நாளில் சந்தைக்கு வந்தால் விலை என்ன ஆகும்? அதனால்தான் ஆறு ஆண்டுகள் ஆடியபின் விடுதலை என்ற ஏற்பாட்டுக்கு அவர் ஒப்பினார். அது இன்றும் இருக்கிறது.

சரி, பேராசைக்கு வருவோம். 1985-லிருந்து 1987 வரை மூன்று குளிர்காலங்களில் ஃப்ரீ ஏஜென்ட்களை யாரும் அதிக விலைக்குக் கேட்கக் கூடாது என்று முதலாளிகள் தங்களுக்குள் கூட்டுச் சேர்ந்தார்கள். ஆண்ட்ரே டாசன் என்ற அருமையான வீரர், முழங்கால் தேய்ந்தவர், புல்தரையில் ஆட வேண்டும் என்று சிகாகோ கப்ஸ் அணியிடம் போய், தொகை எழுதாத வெற்று ஒப்பந்தத்தை நீட்டினார். நீங்களே நிரப்பிக்கொள்ளுங்கள் என்றார். முந்தைய ஆண்டு 10 லட்சம் டாலருக்கு மேல் வாங்கியவருக்கு அவர்கள் எழுதியது 5 லட்சம், மேலே கொஞ்சம் ஊக்கத்தொகை. அந்த ஆண்டு அவர் 49 ஹோம் ரன் அடித்து, கடைசி இடத்தில் இருந்த அணியிலிருந்து லீக்கின் மிகச் சிறந்த வீரர் விருதை வாங்கினார். பிறகு நடுவர்கள் முதலாளிகளின் கூட்டுச் சதியைக் கண்டுபிடித்தார்கள். 28 கோடி டாலர் கொடுத்துக் கணக்கை முடித்தார்கள். தம்பி, பேராசை என்ற சொல்லை அப்போது எந்த வீட்டில் வைத்திருந்தாய்?

இப்போது நீ கேட்கும் உச்சவரம்பு. நில உச்சவரம்பு மாதிரி இருப்பவனுக்குக் கட்டுப்பாடு என்று சில பேர் குழுவில் நினைத்துவிட்டீர்கள். இது கூலிக்கு உச்சவரம்பு. முதலாளியின் லாபத்துக்கு வரம்பு என்று எவனும் பேசவில்லை. பால்டிமோர் ஓரியோல்ஸ் அணி 1993-இல் 17.3 கோடி டாலருக்கு வாங்கப்பட்டது. 2024-இல் 172.5 கோடி மதிப்புக்குக் கைமாறியது. பத்து மடங்கு! அந்தக் குடும்பத்தில் யாரும் ஒரு பந்தும் வீசவில்லை. அதற்கு நம் குழுவில் ஒரு கட்டைவிரலும் இல்லை, ஒரு கோபப் பொம்மையும் இல்லை.

"பணக்கார அணியே ஜெயித்துக்கொண்டிருந்தால் சின்ன ஊர் என்ன செய்யும்?" என்று தங்கை மகன் கேட்டான். நல்ல கேள்வி, மதிக்கிறேன். டாட்ஜர்ஸ் 2024, 2025 இரண்டு ஆண்டும் பட்டம் வென்றது உண்மை. ஆனால் அதற்கு முன் அடுத்தடுத்துப் பட்டம் வென்ற அணி, 2000-இல் முடித்த யாங்கீஸ்தான். சம்பள வரம்பு இருக்கிற கூடைப்பந்தில் இந்த நூற்றாண்டிலேயே லேக்கர்ஸ், மயாமி, கோல்டன் ஸ்டேட் எல்லாம் தொடர்ந்து பட்டம் வென்றிருக்கின்றன. அமெரிக்கக் கால்பந்தில் நியூ இங்கிலாந்தும் கன்சாஸ் சிட்டியும் அப்படியே. இன்னொன்று: ஹுவான் சோட்டோவுக்கு 15 ஆண்டுகளுக்கு 76.5 கோடி டாலர் எழுதிக்கொடுத்த எங்கள் மெட்ஸ், 2025-இல் பிளேஆஃபுக்கே போகவில்லை. கடைசி நாளில் பேரன் போனில் அழுதான். அந்த ஆண்டு அதிக ஆட்டங்களை வென்றது மில்வாக்கி என்ற சின்ன ஊர்.

ஏற்றத்தாழ்வு இல்லை என்று நான் சொல்லவில்லை. உள்ளூர் டி.வி. பணம் லாஸ் ஏஞ்சலிஸுக்குக் கொட்டுகிறது, சின்ன ஊர்களுக்குச் சொட்டுகிறது. அப்படியென்றால் முதலாளிகள் தங்களுக்குள் இன்னும் அதிகமாகப் பங்கு போட்டுக்கொள்ளட்டும். அண்ணன் தம்பி பாகத் தகராறுக்கு வயலில் வேலை செய்பவன் கூலியைக் குறைப்பது எந்த ஊர் நியாயம்? வரம்பை மீறிச் செலவு செய்தால் வரி என்று ஏற்கெனவே இருக்கிறது. 2026-க்கு அந்த வரம்பு 24.4 கோடி டாலர். டாட்ஜர்ஸ் 2024-க்கு மட்டும் 10 கோடிக்கு மேல் வரி கட்டியது.

சங்கத்தின் மேலும் எனக்குக் கோபம் உண்டு. உச்சாணியில் இருப்பவர்களைப் பற்றிப் பேசிப் பேசி, கீழே இருப்பவர்களை அது பல பத்தாண்டுகள் கண்டுகொள்ளவில்லை. மைனர் லீக் பையன்களுக்கு 2022 வரை அந்தச் சங்கத்தில் இடமே கிடையாது. கீழ்நிலை லீக்கில் ஆண்டுச் சம்பளம் 11,000 டாலர். அமெரிக்காவில் அதற்கு வாடகைகூடக் கொடுக்க முடியாது, மகளிடம் கேட்டுத்தான் எழுதுகிறேன். நாலைந்து பேராக ஒரே வீட்டில் தரையில் மெத்தை போட்டுப் படுத்தார்கள். சங்கம் சேர்த்துக்கொண்ட பிறகு, 2023 ஒப்பந்தத்தில் அது 26,200 ஆனது. பேராசை, பார்த்தாயா?

மேல்மட்டத்திலும் இளையவர்கள் நிலை இதுதான். முதல் மூன்று ஆண்டுகள் அணி சொல்வதுதான் சம்பளம். பிட்ஸ்பர்க்கின் பால் ஸ்கீன்ஸ், 2025-இல் லீக்கின் சிறந்த பந்துவீச்சாளர் விருது வாங்கியவர், அந்த ஆண்டு வாங்கிய சம்பளம் 8.75 லட்சம் டாலர். நமக்கு அது பெரிய தொகைதான், ஒத்துக்கொள்கிறேன். சேரும்போது கையெழுத்துப் பணமும் 92 லட்சம் வாங்கினார். ஆனால் வெளிச்சந்தையில் அவர் விலை அதைப்போல் எத்தனை மடங்கு! பலருக்கு அந்த ஆறு ஆண்டுகள் முடிவதற்குள் தோளோ முழங்கையோ போய்விடும். டக்கரைப் போல் கடைசிவரை வந்து சேர்பவன் சிலரில் ஒருவன். நீ அவனை மட்டும் பார்க்கிறாய்.

ஆரன் ஜட்ஜ் என்று ஒருவர் இருக்கிறார். பிறந்த மறுநாளே தத்தெடுத்து வளர்த்த அப்பா, அம்மா இருவரும் பள்ளி ஆசிரியர்கள். 2022 தொடக்கத்தில் யாங்கீஸ் 21.35 கோடி டாலர் தருகிறோம் என்றதை வேண்டாம் என்றார். எல்லோரும் திட்டினார்கள். அந்த ஆண்டு 62 ஹோம் ரன் அடித்தார். குளிர்காலத்தில் அதே யாங்கீஸ் 36 கோடி கொடுத்தது. பீரோ சாவி அவர்களிடம் இருந்திருந்தால் கொடுத்திருப்பார்களா?

இந்த டிசம்பர் 1-ஆம் தேதியோடு இப்போதைய தொழிலாளர் ஒப்பந்தம் முடிகிறது. 1994-இல் இதே உச்சவரம்புக்காகத்தான் சண்டை வந்து வேலைநிறுத்தம் ஆகி, இறுதிப் போட்டியே நடக்காமல் போனது. 2021 டிசம்பரில் ஒப்பந்தம் முடிந்தபோது வீரர்கள் யாரும் வேலைநிறுத்தம் செய்யவில்லை. முதலாளிகள்தான் கதவை இழுத்துப் பூட்டினார்கள், 99 நாள். தங்கள் இணையதளத்திலிருந்து வீரர்களின் படங்களைக்கூட எடுத்துவிட்டார்கள். இந்தத் தடவையும் பூட்டினால், "வீரர்கள் ஸ்டிரைக்" என்று குழுவில் போடாதே தம்பி. அதற்குக் கதவடைப்பு என்று பெயர். சமூக அறிவியல் பாடத்தில் உனக்கு நான்தான் நடத்தினேன்.

போன வருஷம் நீ கம்பெனி மாறினாயே, 90 நாள் நோட்டீஸ், ரிலீவிங் லெட்டர் தராமல் இழுத்தடிக்கிறார்கள் என்று ராத்திரி பதினொரு மணிக்கு எனக்குத்தானே போன் செய்தாய்? அன்றைக்கு உன்னைப் பேராசைக்காரன் என்று நான் சொல்லவில்லையே.

மறுப்பு இருந்தால் இங்கேயே எழுது, தனிச் செய்தியில் வேண்டாம். எல்லோரும் படிக்கட்டும். பேரன் அங்கே இப்போது தூங்குகிறான். எழுந்ததும் நான் எழுதிய எண்களை எல்லாம் சரிபார்ப்பான். தப்பு இருந்தால் முதலில் அவன்தான் திட்டுவான்.