300 மீட்டரை அச்சடிக்கிறீர்கள், 4,650 கிலோமீட்டரை ஏன் மறைக்கிறீர்கள்?



உம்ரா போஸ்டர்கள் மறுபடியும் குரூப்புகளில் வரத் தொடங்கிவிட்டன. "ஹரத்திலிருந்து ஹோட்டல் 300 மீட்டர்" என்று கொட்டை எழுத்தில் இருக்கிறது. சாப்பாடு, சியாரத், பேக் எல்லாம் இருக்கிறது. கட்டுநாயக்கவில் ஏறுகிறவர் எத்தனை மணித்தியாலம் கழித்து ஜித்தாவில் இறங்குவார் என்பது மட்டும் எதிலும் இல்லை.

கணக்கைப் பார்ப்போம். கொழும்பிலிருந்து ஜித்தாவுக்கு நேர்கோட்டில் ஏறத்தாழ 4,650 கிலோமீட்டர். நேரடி விமானம் என்றால் சுமார் ஆறு மணித்தியாலம். தோஹா வழியாகப் போனாலும் மொத்தம் 4,950 கிலோமீட்டர் அளவில்தான் வரும். கூடுகிற 300 கிலோமீட்டரை விமானம் அரை மணித்தியாலத்துக்குள் பறந்துவிடும். அப்படியானால் சில "பேக்கேஜ்"களில் இருபது மணித்தியாலம் எப்படி வருகிறது? அது தூரம் இல்லை. மலிவான டிக்கெட்டுக்காக உங்கள் உம்மாவை ட்ரான்சிட் கதிரையில் உட்கார வைக்கிற நேரம்.

இன்னொன்றையும் கவனியுங்கள். டிக்கெட்டில் இருப்பது அந்தந்த ஊர் நேரம். சவூதி நம்மை விட இரண்டரை மணித்தியாலம் பின்னால். இரவு 9 மணிக்குப் புறப்பட்டு காலை 7.30க்கு ஜித்தா என்று போட்டிருந்தால் பத்தரை மணித்தியாலம் என்றுதான் நினைப்போம். உண்மையில் பதின்மூன்று. இன்சுலின் போடுகிறவருக்கு அந்த இரண்டரை மணித்தியாலம் சின்ன விசயமா? புறப்பட முன்னமே டொக்டரிடம் கேட்க வேண்டியது அது. யாராவது சொல்லிக் கொடுக்கிறார்களா?

கல்முனை, அக்கரைப்பற்றுப் பக்கத்து ஆட்கள் ஏழெட்டு மணித்தியாலம் வேனில் வந்துதான் ஏர்போர்ட்டையே பார்க்கிறார்கள். ஜித்தாவில் இறங்கியதும் இமிக்ரேஷன் வரிசை, பிறகு மக்காவுக்கு இன்னும் 80 கிலோமீட்டர் பஸ். நேரே மக்கா போகிறவர் விமானம் மீகாத்தைக் கடக்க முன் இஹ்ராமில் இருக்க வேண்டும். எழுபது வயது வாப்பா ஒன்றில் இங்கிருந்தே இரண்டு துணியோடு ஏசி குளிரில் கிடக்க வேண்டும், இல்லையென்றால் ட்ரான்சிட் டொயிலட்டில் வரிசையில் நின்று உடுப்பு மாற்ற வேண்டும்.

இதைக் கேட்டால் "பொறுமையா இருங்க ஹாஜியார், கஷ்டத்துக்குக் கூலி இருக்கு" என்கிறார்கள். அல்லாஹ் தந்த கஷ்டத்துக்குப் பொறுமை சரி. நீங்கள் மறைத்து விற்றதற்கும் அவர் பொறுமையா இருக்க வேண்டுமா? சாமானின் குறையை மறைத்து விற்கக் கூடாது என்று ஜும்ஆவில் எத்தனை தரம் கேட்டிருக்கிறோம். டிக்கெட் சாமான் இல்லையா?

ட்ரான்சிட்டே வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. சேர்த்துச் சேர்த்து வைத்த காசில் போகிறவருக்கு அந்த விலைதான் வழி. வாலிபப் பிள்ளைகள் தாங்கிக்கொள்வார்கள். விலைக்குப் பக்கத்தில் மொத்த மணித்தியாலத்தையும் போடுங்கள், எடுப்பதா விடுவதா என்று அவர்களே முடிவெடுக்கட்டும். நேர்மையாகச் செய்கிற சில ஏஜென்சிகள் கேட்க முன்னமே இதைச் சொல்கிறார்கள், அவர்களுக்கு இந்தப் பதிவு சுடாது.

பாஸ்போர்ட்டைக் கொடுக்க முன் கேளுங்கள்: எங்கே ட்ரான்சிட், எத்தனை மணித்தியாலம், வீல்செயார் இரண்டு ஏர்போர்ட்டிலும் பதிந்திருக்கிறதா? பதிலை வாட்ஸ்அப்பில் எழுத்தில் வாங்குங்கள். போன வருடம் போய் வந்தவர்கள், வீட்டிலிருந்து மக்கா ஹோட்டல் வரை எத்தனை மணித்தியாலம் எடுத்தது என்று கீழே கொமெண்டில் போடுங்கள். ஏஜென்சி பெயர் வேண்டாம், மணித்தியாலம் மட்டும் போதும்.