பட்டன் போன் நம்பர்களை லேப்டாப்புக்கு மாற்ற முடியுமா?

சென்னை ராயப்பேட்டையில் குடியிருந்தபடி, மதுராந்தகம் பக்கத்தில் மூன்று ஏக்கர் நெல் சாகுபடியைக் கவனித்துவரும் வாசகர் ஒருவர் கேட்டிருக்கிறார். அவரிடம் இருப்பது பழைய நோக்கியா பட்டன் போன். அறுவடை மிஷின்காரர், டிராக்டர் ஓட்டுநர், நடவு மேஸ்திரி, நெல் வியாபாரி, கொள்முதல் நிலையம், லைன்மேன் என 200-க்கும் மேற்பட்ட நம்பர்கள் அதில் தமிழ்ப் பெயரில் இருக்கின்றன. போன் அடிக்கடி நின்றுபோகிறது. மகள் படித்தபோது அரசு கொடுத்த லேப்டாப் வீட்டில் இருக்கிறது. ஆனால், நோக்கியா மென்பொருள் அதில் ஏறவே மாட்டேன் என்கிறது. நம்பர்களை வெளியே எடுக்க வழி உண்டா என்பது அவர் கேள்வி. அறுவடைக்கு மூன்று வாரம்தான் இருக்கிறதாம்.

வழி உண்டு. பெரிய செலவும் இல்லை. ஆனால், அறுவடை நெருங்கும்வரை காத்திருக்காமல் இந்த வாரமே செய்துவிட வேண்டும். ஒரே சமயத்தில் ஊரெல்லாம் கதிர் முற்றும்போது மிஷின் கிடைப்பதே குதிரைக்கொம்பு. அந்த நேரத்தில் மிஷின்காரர் நம்பர் தொலைந்தால், முற்றிய கதிரிலிருந்து மணி உதிர்வதைப் பார்த்துக்கொண்டு நிற்க வேண்டியதுதான்.

ஏன் ஒத்துப்போகவில்லை?

ஸ்ரீபெரும்புதூர் ஆலையில் 2006 முதல் 2014 வரை நோக்கியா போன்கள் தயாராகின. அவற்றில் பல இன்னும் கிராமங்களில் ஓடிக்கொண்டிருக்கின்றன. அந்தப் போன்களுக்கான பி.சி. சூட் என்ற மென்பொருள் விண்டோஸ் கம்ப்யூட்டருக்காக மட்டும் எழுதப்பட்டது. தமிழக அரசு 2011 முதல் மாணவர்களுக்குக் கொடுத்த லேப்டாப்கள் பலவற்றில், மத்திய அரசின் சி-டாக் நிறுவனம் உருவாக்கிய பாஸ் லினக்ஸ் இருந்தது. அதில் பி.சி. சூட் ஓடாது. போனிலும் பழுதில்லை, லேப்டாப்பிலும் பழுதில்லை. இரண்டுக்கும் நடுவில் இருக்க வேண்டிய மென்பொருள்தான் இல்லை.

அந்த மென்பொருளைத் தேடி அலையவும் வேண்டாம். விலாச அட்டையைக் கோப்பாக எழுதி வைப்பதற்கு 'வி-கார்டு' என்று ஒரு பொது முறை 1990-களிலேயே வந்துவிட்டது. இந்தக் கோப்பின் பெயர் 'வி.சி.எஃப்' என்று முடியும். விண்டோஸ், லினக்ஸ், ஆப்பிள், ஆண்ட்ராய்டு என எதில் கொண்டுபோய் வைத்தாலும் திறக்கும். போனிலிருந்து நம்பர்களை இந்தக் கோப்பாக வெளியே எடுப்பதுதான் நமக்குத் தேவை.

செய்யும் முறை

மெமரி கார்டு போடும் வசதியுள்ள போனாக இருந்தால், முதலில் பெயர்ப் பட்டியலுக்குள் போய் எல்லாப் பெயர்களையும் தேர்வு செய்து மெமரி கார்டுக்கு நகல் எடுக்கவும். பிறகு கார்டைக் கழற்றி, கார்டு ரீடரில் போட்டு லேப்டாப்பில் செருகவும். பென் டிரைவ் போலத் திறக்கும். தனி மென்பொருள் தேவையில்லை. உள்ளே வி.சி.எஃப் கோப்புகள் இருக்கின்றனவா என்று பார்க்கவும். 'பேக்கப்' கொடுத்தால் சில போன்கள், அந்தக் கம்பெனி மென்பொருள் மட்டுமே திறக்கக்கூடிய கோப்பாக வைத்துவிடும். அது உதவாது. 'நகல்' என்ற வழியில் மறுபடி முயல வேண்டும்.

மெமரி கார்டு இல்லாமல் புளூடூத் மட்டும் இருந்தால், ஒவ்வொரு பெயராகத் திறந்து 'பிசினஸ் கார்டு அனுப்பு' என்பதைக் கொடுத்து லேப்டாப்புக்கு அனுப்பலாம். நேரம் பிடிக்கும். முக்கியமான 50 நம்பர்களையாவது முதலில் அனுப்பிவிடவும்.

இரண்டும் இல்லாத போனுக்கு சிம் கார்டுதான் கடைசி வழி. நம்பர்களை சிம்முக்கு நகல் எடுத்து, அந்த சிம்மை ஸ்மார்ட்போனில் போட்டு உள்ளே இழுக்கலாம். பொதுவாக ஒரு சிம்மில் 250 நம்பர் வரைதான் அடங்கும். பெயருக்கு ஒதுக்கிய இடமும் குறைவு. தமிழில் எழுதினால் இன்னும் சீக்கிரம் நிரம்பிவிடும். நீளமான பெயரின் வால் அறுந்துபோகும். எனவே 'முருகேசன் அறுவடை மிஷின்' என்று வைக்காமல், 'மிஷின் முருகேசன்' என்று தொழிலை முன்னால் வைக்கவும். பாதி அறுந்தாலும் யாரென்று தெரியும்.

தமிழ்ப் பெயர் சிதைந்தால்?

கோப்பைத் திறந்ததும் பெயருக்குப் பதிலாகச் சமக்குறியும் ஆங்கில எழுத்தும் எண்ணும் கலந்து வரிசையாக வந்தால் பதற வேண்டாம். பெயர் அழியவில்லை. வி-கார்டின் பழைய முறையில் தமிழ் எழுத்துகளை அப்படித்தான் எழுதி வைப்பார்கள். 'மு' என்ற எழுத்தை ம, உகரக் குறி என்று இரண்டாகப் பிரித்து, ஒவ்வொன்றுக்கும் ஒன்பது குறிகள் போடும். 'முருகேசன்' என்ற பெயருக்கு மட்டும் 81 குறிகள். ஒரு வரியில் 76 குறிகளுக்கு மேல் போகக்கூடாது என்பதால் பெயர் அடுத்த வரிக்கு உடையும். சில மென்பொருள்களுக்கு அந்த இரண்டாவது வரியைச் சேர்த்துப் படிக்கத் தெரியாது. அப்போதுதான் பெயர் பாதியில் நிற்கும். எனவே அந்தக் கோப்பைக் கையால் திருத்த வேண்டாம். அதே கோப்பை வேறொரு மென்பொருளிலோ, ஆண்ட்ராய்டு போனிலோ திறந்து பார்க்கவும். பெரும்பாலும் சரியாக வந்துவிடும்.

ஸ்மார்ட்போன் வாங்கும்போது கோப்பை அதற்கு மாற்றி, பெயர்ப் பட்டியலில் 'இம்போர்ட்' கொடுத்தால் போதும். இதற்கு இன்டர்நெட் வேண்டாம். கூகுள் கணக்கிலும் ஒரு நகல் வைக்க நினைத்தால், லேப்டாப்பில் கூகுள் கான்டாக்ட்ஸ் பக்கத்தைத் திறந்து இதே கோப்பை ஏற்றலாம். மாற்றியதும் எண்ணிக்கையைச் சரிபார்க்கவும். பழைய போனில் 200 இருந்தால் புதியதிலும் 200 இருக்க வேண்டும். நீளமான பெயர்கள் ஐந்தைத் திறந்து பார்த்து, இரண்டு நம்பருக்குப் பேசியும் பார்க்கவும். அதுவரை பழைய போனில் எதையும் அழிக்கக் கூடாது.

நகல் வேறு, 'சிங்க்' வேறு

நகல் எடுத்தால் இரண்டு இடத்திலும் தனித்தனியாக இருக்கும். 'சிங்க்' செய்தால் ஓரிடத்தில் நடப்பது மறு இடத்திலும் நடக்கும். போனில் ஒரு பெயரை அழித்தால் கூகுள் கணக்கிலும் அழியும். தெரியாமல் அழித்துவிட்டால், கூகுள் கான்டாக்ட்ஸ் குப்பைத்தொட்டியிலிருந்து 30 நாள்களுக்குள் மீட்கலாம். ஆனால், அதை மட்டும் நம்பியிருக்கக் கூடாது. விதை நெல்லை மொத்தமாக ஒரே மூட்டையில் கட்டி, ஒழுகும் கூரைக்கு அடியில் வைப்போமா? நம்பரும் அப்படித்தான். வி.சி.எஃப் கோப்பின் ஒரு நகல் லேப்டாப்பிலும், இன்னொன்று பென் டிரைவிலும் இருக்கட்டும். ஒவ்வொரு பட்டத்துக்கும் ஒருமுறை புதுப்பித்துக்கொள்ளவும்.

வீட்டில் செய்ய முடியாவிட்டால், ராயப்பேட்டைக்கு அருகிலேயே அண்ணா சாலையை ஒட்டி ரிச்சி தெரு இருக்கிறது. போனைக் கடையில் விட்டுவிட்டு வராமல், கூடவே இருந்து வேலையை முடித்து, கடைக் கம்ப்யூட்டரில் உள்ள கோப்பை அழிக்கச் சொல்லிவிட்டு வரவும். அதில் இருப்பது மற்றவர்களுடைய நம்பர்களும்தான்.

எது எப்படியானாலும் அறுவடை மிஷின், டிராக்டர், லைன்மேன், கொள்முதல் நிலையம், வேளாண்மை அலுவலர் என அவசியமான பத்து நம்பர்களை இன்றைக்கே ஒரு நோட்டில் எழுதி, வயலைக் கவனிப்பவரிடமும் ஒரு பிரதி கொடுக்கவும். அதோடு 1800-180-1551 என்ற கிசான் கால் சென்டர் நம்பரையும் எழுதிக்கொள்ளலாம். காலை 6 மணி முதல் இரவு 10 மணி வரை கட்டணமின்றித் தமிழிலேயே பேசலாம்.